கூம்பில் கேட்கும் பாட்டு

தர்மபுரிப் பக்கம் மைக் செட் வேலைக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஆடியில் கூழ் ஊற்றுகிற இடமெல்லாம் அம்மன் பாட்டு ஓடும். அது ஓய்வதற்குள் ஆகஸ்ட் 15 வந்துவிடும், பென்டிரைவை மாற்ற வேண்டியதுதான்.

சேர்ந்த புதிதில் ஒரு பள்ளிக்கூடத்தில் மானம் போனது. 'ரோஜா' பாட்டுகளை மொத்தமாக ஏற்றி வைத்திருந்தேன். 'தமிழா தமிழா' முடிந்தது. தலைமை ஆசிரியர் கொடிக் கயிற்றில் கை வைக்கிறார், கூம்பு ஸ்பீக்கரில் 'புது வெள்ளை மழை' ஆரம்பித்துவிட்டது. பத்தாம் வகுப்பு வரிசை மொத்தமும் சிரித்தது. முதலாளி அண்ணன் திட்டியதை இங்கே எழுத முடியாது. அன்று சாயங்காலமே தேசபக்திக்குத் தனி ஃபோல்டர் போட்டேன்.

அந்த ஃபோல்டரை வைத்துத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. கூம்புக்கு அடித்தொண்டை கிடையாது. குரல் போகும், மேளத்தின் கனம் போகாது. ரஹ்மானின் 'தாய் மண்ணே வணக்கம்', 1997இல் வந்தது, பெட்டி ஸ்பீக்கரில் போட்டால் நெஞ்சில் வந்து இடிக்கும். அதையே புளியமரத்தில் கட்டிய கூம்பில் போட்டால் பாதிப் பாட்டைக் காணோம். பழைய பாட்டு அப்படியில்லை. டி.கே.பட்டம்மாள் பாடிய 'ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே' ஏரிக்கரை தாண்டியும் வார்த்தை வார்த்தையாகக் கேட்கும்.

அந்தப் பாட்டை எனக்குச் சொன்னதே பாப்பாரப்பட்டியில் ஒரு பெரியவர்தான். ஆம்ப் பக்கத்தில் வந்து நின்று, "தம்பி, பட்டம்மா பாட்டு வச்சிருக்கியா?" என்றார்.

"இல்லீங்கய்யா, அடுத்த வருசம் கொண்டாறேன்" என்றேன்.

"அடுத்த வருசம் நான் இருக்கணுமே" என்று சிரித்தார். அங்கேயே போனில் இறக்கிப் போட்டேன்.

அந்தப் பாட்டில் வரும் 'ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம் என்று' பாரதி எழுதிய வரி. அவர் இறந்தது 1921இல். பட்டம்மாள் பாடிய 'நாம் இருவர்' படம்கூட 1947 பொங்கலுக்கே வந்துவிட்டது, சுதந்திரத்துக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. வராததை வந்துவிட்டது என்று பாடியிருக்கிறார்கள். அதே பாப்பாரப்பட்டியில்தான் சுதந்திரப் போராட்டக்காரர் சுப்பிரமணிய சிவா பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட நினைத்து, 1923இல் வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸை அழைத்து அடிக்கல் நாட்ட வைத்தார். சிறையில் தொற்றிய தொழுநோயோடு அலைந்தவர். 1925இல் அங்கேயே இறந்தார், அவர் இருந்தவரை கோயில் எழும்பவில்லை. இதையெல்லாம் பெரியவர்தான் சொன்னார், நான் ஒயரைச் சுற்றிக்கொண்டே கேட்டேன்.

"இன்னொரு தடவை போடுப்பா" என்றார். போட்டேன். பாதியில் சிறப்பு விருந்தினரின் கார் வந்து நின்றது, பாட்டை நிறுத்தச் சொல்லி மேடையிலிருந்து கை காட்டினார்கள். நான் பார்க்காத மாதிரி குனிந்து, நன்றாக இருந்த ஒரு ஒயரைச் சரி பண்ணிக்கொண்டிருந்தேன்.