நெஞ்சுச் சூடு

ஜூன் 4
குறைமாதத்தில் பிறந்த என் பெண், இன்று 1,380 கிராம். நேற்று 1,410. முதல் வாரத்தில் எடை இறங்குவது வழக்கம்தான் என்கிறார்கள். எனக்கு அந்த 30 கிராம் தொண்டையிலேயே நிற்கிறது.

ஜூன் 5
அவளை என் மார்பில் வைக்கத் தந்துவிட்டார்கள்! டயப்பர், தொப்பி, காலுறை, வேறு துணி இல்லை. இரு மார்புக்கும் நடுவில் நிமிர்த்தி, தவளை மாதிரி கைகால் மடக்கி, தலையை ஒரு பக்கம் திருப்பி, சிஸ்டர் துணியால் கட்டிவிட்டார். "கழுத்து மடங்கவே கூடாதும்மா. முகம் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருக்கணும்." மடங்கினால் மூச்சு அடைபடுமாம். பார்த்துக்கொண்டே இருந்தேன். வைக்கும்போது 36.2 டிகிரி, பிறகு 36.8. என் சூடு அவளுக்குப் போயிருக்கிறது.

ஜூன் 6
தூங்கவில்லை.

ஜூன் 7
ராத்திரி முழுக்கப் படித்தேன். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில், குழந்தைகளைச் சூடாக வைக்கும் இன்குபேட்டர் பெட்டிகள் போதாத மருத்துவமனையில், எட்கார் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் குழந்தைகளை அம்மாக்களின் மார்பிலேயே வைக்கச் சொன்னாராம். அவரைக் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் 2021-ல் வந்த ஆய்வைப் படித்ததும் மனசு கொதித்தது. ஐந்து நாடுகளில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகள். உடல்நிலை சீராகும்வரை காத்திருக்காமல் பிறந்த கையோடு மார்பில் வைத்ததில், முதல் 28 நாளில் இறப்பு கால்பங்கு குறைந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் 2022-லிருந்து அதையே சொல்கிறது. ஒரு நாளைக்கு 8 மணி நேரமாவது, முடிந்தால் 24 மணி நேரமும். அப்படியென்றால் என் பெண்ணை ஏன் அன்றே தரவில்லை? கேட்டேன். பதில் வரவில்லை. அந்த மணிநேரங்களை யார் திருப்பித் தருவார்கள்?

ஜூன் 8
1,375.

ஜூன் 10
இவர் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். அப்பா மார்பும் சூடுதானே. அவள் சட்டென்று அடங்கிவிட்டாள். பொறாமையாக இருந்தது. அப்படியே தூங்கிப்போனேன்.

ஜூன் 11
1,400!!

ஜூன் 13
அலாரம். ட்யூப் மாற்றப் படுக்கையில் கிடத்தியிருந்தபோது மூச்சை நிறுத்திவிட்டாள். உள்ளங்காலைத் தேய்த்ததும் இழுத்தாள். குறைமாதத்தில் மூளை மூச்சுவிட இன்னும் பழகவில்லையாம், போகப்போகச் சரியாகுமாம். எனக்கு இன்னும் கை நடுங்குகிறது. இறக்கி வைப்பதே எனக்குப் பிடிக்கவில்லை. ஒருமுறை வைத்தால் ஒரு மணி நேரமாவது கலைக்கக் கூடாது என்று அவர்களே சொல்கிறார்கள், பிறகு அரை மணியில் வந்து வாங்கிப் போகிறார்கள். இனி கேட்டுத்தான் கொடுப்பேன்.

ஜூன் 14
1,430. வாயைத் திறந்து தேடினாள். இரண்டு முறை சப்பினாள். பால்!

ஜூன் 15
இரவும் வைத்துக்கொள்ளலாமாம். சாய்வு நாற்காலி கேட்டிருக்கிறேன்.