இவ்வளவு உடம்பு இருக்கு, ரத்தம் இல்லையா?

எடை 83 கிலோ, ஹீமோகுளோபின் 9.6. இரண்டும் ஒரே பெண்ணின் ரிப்போர்ட்டில் இருந்தால் எங்கள் பக்கத்தில் முதல் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். "ஏன்டி, இவ்வளவு உடம்பு இருக்கு, ரத்தம் இல்லைங்கறே?" என்று அத்தை கேட்டார். ரத்தசோகை என்றால் வெளுத்து மெலிந்த பெண்தான் எல்லோர் மனத்திலும் வருகிறாள். எனக்கு வயது 24. வலங்கைமான் பக்கம் கிராமம், கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். எடையும் அசதியும் சேர்ந்து படுத்துகிற பெண்கள் யாராவது இதைப் படித்தால் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

கடையின் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். மதியத்துக்கு மேல் தலை கனக்கும், சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வரும். மாதவிலக்கில் முதல் மூன்று நாள் போக்கு அதிகம். அப்புறம் அரிசி. எங்கள் வீட்டுப் பத்தாயத்தை ஒட்டி ஒரு தகர டின்னில் பொன்னி அரிசி இருக்கும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கை தானாக உள்ளே போகும். வாயில் போட்டு மென்றால் முதலில் நறநறவென்று இருக்கும், பிறகு பாலாகக் கரையும். ராத்திரி எழுந்துகூடத் தின்றிருக்கிறேன். "அரிசி தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டும்" என்று அம்மா சொல்வார். பக்கத்து வீடுகளிலும் இதே பேச்சுதான். இரும்புச்சத்து குறைந்தால் அரிசி, மண், சாம்பல் என்று தின்னத் தோன்றும் என்பது மருத்துவத்தில் தெரிந்த அறிகுறி. அதை யாரும் எங்களிடம் சொன்னதில்லை.

முதலில் போன இடத்தில் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எடையைக் குறைங்க, எல்லாம் சரியாப் போயிடும்" என்றார்கள். தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார்கள். தெருமுனை வரை நடந்தாலே நெஞ்சு படபடக்கிறவளை ஒரு மணி நேரம் நடக்கச் சொல்வது என்ன வைத்தியம்? எனக்கு இன்னமும் கோபம் தீரவில்லை. கூடவே தினம் இரண்டு இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மலம் கறுத்தது, வயிறு கட்டியது, ஹீமோகுளோபின் மட்டும் அசையவில்லை. உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் டெஸ்டில் 52 வந்ததும், "இரும்பு நார்மல், சோம்பல்தான்" என்று முடித்துவிட்டார்கள்.

தஞ்சாவூரில் பார்த்த பொது மருத்துவர் அந்த 52ஐ அப்படி விடவில்லை. உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சிஆர்பி, ரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், தைராய்டு, பி12 எல்லாம் எடுக்கச் சொன்னார். சிஆர்பி 12, 5க்குக் கீழே இருக்க வேண்டியது. சாச்சுரேஷன் 10 சதவீதம். 20க்கு மேல் இருக்க வேண்டியது. மற்ற இரண்டும் சரி. அவர் பொறுமையாக விளக்கினார். வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. இன்டர்லூக்கின்-6 போன்ற பொருள்களை விட்டு உடம்பில் ஓயாமல் லேசான அழற்சியை வைத்திருக்கிறது. உடனே கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. குடல் செல்லிலிருந்து இரும்பு ரத்தத்துக்குள் போகும் வழியை ஹெப்சிடின் மூடிவிடும். பழைய சிவப்பணுக்களிலிருந்து திரும்பக் கிடைக்க வேண்டிய இரும்பும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கல்லணையில் எவ்வளவு திறந்துவிட்டாலும் வாய்க்கால் மதகு அடைத்திருந்தால் நம் வயலுக்குத் தண்ணீர் வராது. என் மாத்திரைகளுக்கும் அதுதான் நடந்திருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார். அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் தானே ஏறும், அதனால் குறைவு மறைந்துவிடும். நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் பெண்ணுக்கு 15க்குக் கீழே போனால்தான் குறைவு. அழற்சி இருப்பவருக்கு 70க்குக் கீழே இருந்தாலே குறைவாக எடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். அந்தக் கணக்கில் என் 52 நார்மலே இல்லை. அதைக் கேட்டபோது அழுகை வந்துவிட்டது. சோம்பேறி என்று கேட்டுக் கேட்டு நானே அதை நம்பத் தொடங்கியிருந்தேன்.

வைத்தியம் எளிமையாகத்தான் இருந்தது. வயலில் செருப்பில்லாமல் நடப்பதால் குடலில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு இருக்கலாம் என்று முதலில் பூச்சி மாத்திரை. இரும்பு மாத்திரை ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒரு டோஸ் போட்டாலே ஹெப்சிடின் ஏறி, இறங்க ஒரு நாளாவது ஆகுமாம். 2017இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்றில், இரும்பு குறைந்த இளம்பெண்களுக்கு இப்படி விட்டு விட்டுக் கொடுத்ததில்தான் கூடுதலாக உடம்பில் சேர்ந்திருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாற்றோடு போட வேண்டும், காபி ஒரு மணி நேரம் கழித்து. கும்பகோணத்துக்காரிக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். இதற்கும் ஏறாவிட்டால் நரம்பில் இரும்பு ஏற்றலாம் என்றார், அதற்குத் தேவைப்படவில்லை. அதிகப் போக்குக்கு மகப்பேறு மருத்துவரிடம் தனியாக மருந்து வாங்கினேன்.

சாப்பாட்டில் மாதுளையும் பீட்ரூட்டும் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம் என்பது என் கருத்து. சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தமாக ஊறாது. மதியச் சோற்றைப் பாதியாக்கி, சம்பா அறுப்பை ஒட்டி எங்கள் வயலில் விளையும் பச்சைப்பயறைச் சுண்டலாக்கி அந்த இடத்தில் வைத்துக்கொண்டேன். தினம் ஒரு முட்டை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல். மிளகு போட்டு வதக்கினால் அருமையாக இருக்கும். முருங்கைக்கீரையும் நல்லதுதான், ஆனால் கீரையைவிடக் கறியிலிருக்கும் இரும்பு நன்றாகச் சேரும். நடையை உடம்பில் கொஞ்சம் தெம்பு வந்த பிறகுதான் தொடங்கினேன். குடமுருட்டிக் கரையில் முதலில் கோயில் வரை, பிறகு பாலம் வரை.

எல்லாவற்றுக்கும் முன்னால் விட்டுப்போனது அரிசி ஆசை. டின்னைத் திறந்தால் சமைக்கத்தான் தோன்றியது. எடை மெதுவாக 76க்கு வந்தது. கடைசியாக எடுத்த டெஸ்டில் சிஆர்பி 5, சாச்சுரேஷன் 22, ஹீமோகுளோபின் 11.8. பெண்களுக்கு 12 வேண்டும், அதனால் மாத்திரை தொடர்கிறது.

தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, 40.4 சதவீதம் பேருக்கு எடை அதிகம். ஆனாலும் ஒரு பெண்ணுக்கு இரண்டும் சேர்ந்து இருக்கலாம் என்று சோதித்துப் பார்ப்பவர்கள் குறைவு. மன்னார்குடியில் கல்லூரியில் படிக்கும் சித்தி மகளுக்கும் இதே அசதி, அவளும் என்னைப் போல உடம்புக்காரி. அவளுக்கு ஃபெரிட்டின் மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சிஆர்பியும் சாச்சுரேஷனும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்கச் சொன்னேன். ரிசல்ட் வருவதற்குள் மருந்துக்கடையில் இரும்பு மாத்திரை வாங்கிப் போட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். பி12 குறைவாலும் ரத்தசோகை வரும், பரம்பரையாக வரும் தலசீமியாவாலும் வரும்; எது என்று தெரிந்த பிறகுதான் மருந்து.