ஒரு கரையில் சமுத்திரம், மறு கரையில் நின்றுபோன பிளவு

வானம் தெளிந்த நாளில் இலங்கை மலைநாட்டின் அப்புத்தளை முகட்டின் தெற்கு விளிம்பில் நின்று பார்த்தால், மலை சட்டென இறங்கித் தாழ்நிலமாவதும், அதற்கு வெகு அப்பால் தென்கரை மங்கலாகத் தெரிவதும் கண்ணுக்குப் படும். அந்தக் கரையைத் தாண்டித் தெற்கே சென்றால் அந்தாட்டிக்கா வரை பெருநிலம் எதுவும் இல்லை. ஆயினும் ஏறத்தாழ 130 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு வரை அந்தாட்டிக்கா இந்தத் தீவோடு ஒட்டியே இருந்தது. மேற்கே மன்னார் வளைகுடாவிலும் ஏறக்குறைய அதே காலப்பகுதியில் நிலம் இழுபட்டுப் பிளக்கத் தொடங்கியது. ஆனால் அங்கே இந்தியா இன்னும் தலைமன்னாரிலிருந்து சிறு படகுப் பயணத் தூரத்திலேயே நிற்கிறது. கண்டம் பிளந்து, பள்ளத்தாக்காகி, குறுகிய கடலாகி, முடிவில் சமுத்திரமாகும் என்று வரிசைப்படுத்திக் கற்பிக்கும்போது, முதற்கட்டம் தொடங்கிவிட்டால் மற்றவை தாமாகவே தொடரும் என்ற எண்ணம் மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. அது சரியன்று என்பதற்கு இத்தீவின் இரு கரைகளுமே சான்று என்பது என் கருத்து.

கண்டத்தின் புவியோடு, அதாவது பூமியின் வெளிப்புறப் பாறை ஓடு, பொதுவாக 35 முதல் 40 கிலோமீற்றர் வரை தடிப்பானது. அதை இருபுறமும் இழுக்கும் விசை நீண்டகாலம் செயற்படும்போது, குளிர்ந்த மேற்பகுதி உடைகிறது. வெப்பமான அடிப்பகுதி உடையாமல் இழுபட்டு மெலிகிறது. சற்று நேரம் காற்றுப்பட்டு மேலே காய்ந்துபோன ரொட்டி மாவை இரு கைகளாலும் இழுத்தால் மேற்பரப்பு வெடிப்பதையும் உள்மாவு மெலிந்து நீள்வதையும் நம் வீடுகளில் எவரும் கண்டிருப்பர். நிகழ்வது ஏறத்தாழ அதுவே. உடைந்த மேற்பகுதியில் சாய்ந்த பிளவுத்தளங்கள் தோன்றுகின்றன. அவற்றின் வழியே நடுப்பகுதி சறுக்கிக் கீழிறங்க, இருமருங்கும் உயர்ந்த விளிம்புகள் எஞ்சுகின்றன. இறங்கிய பள்ளத்தில் ஆறுகள் வந்து சேர்ந்து ஏரியாகின்றன. ஏறத்தாழ 1,470 மீற்றர் ஆழமுள்ள தங்கனிக்கா ஏரியும், 1,640 மீற்றருக்கு மேல் ஆழமுள்ள பைக்கால் ஏரியும் இவ்வாறு பிறந்தவையே.

புவியோட்டையும் அதன் அடியில் ஒட்டிய உறுதியான பாறையையும் சேர்த்துக் கற்கோளம் என்பர். அது மெலிய, அதன் கீழுள்ள வெப்பமான மான்டில் (புவியின் இடைப்படை) பாறை மேலெழுகிறது. அப்பாறை உருகுவதற்குப் புதிதாக வெப்பம் எதுவும் தேவையில்லை. மேலே வரவர அதன் மீதான அழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்தால் உருகுநிலையும் குறைகிறது, ஆகவே தன் பழைய வெப்பத்திலேயே அதில் ஒரு பகுதி உருகிவிடுகிறது. எரிமலை என்றாலே அடியில் யாரோ தீ மூட்டியதைப் போலப் பேசும் வழக்கம் நம்மிடையே இருப்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

இப்பாறைக்குழம்பு பிளவை எவ்வளவு விரைவாக விரிக்கக்கூடும் என்பதை எதியோப்பியாவின் அஃபார் பகுதி காட்டியது. செங்கடல், ஏடன் வளைகுடா, கிழக்கு ஆபிரிக்கப் பிளவு ஆகிய மூன்று கைகளும் சந்திக்கும் இடம் அது. அங்கே 2005 செப்டெம்பரில், ஏறத்தாழ 60 கிலோமீற்றர் நீளத்துக்கு நிலத்தடியில் பாறைக்குழம்பு செங்குத்துச் சுவர்போல உட்புகுந்து, சில வாரங்களுக்குள் நிலத்தைச் சில இடங்களில் 8 மீற்றர் வரை விலக்கியது. பிளவு ஆண்டுக்கு இத்தனை மில்லிமீற்றர் விரிகிறது என்று சொல்லப்படும் சராசரிக் கணக்கு, இத்தகைய திடீர் நிகழ்வுகளையும் இடையிலுள்ள நீண்ட மௌனத்தையும் சேர்த்துப் பெறப்படுவதே. இதற்கு மாறாக, 2018 மார்ச்சில் கென்யாவின் ரிஃப்ட் பள்ளத்தாக்கில் கடும் மழைக்குப் பின் தோன்றிய நீண்ட வெடிப்பைக் காட்டி "ஆபிரிக்கா பிளக்கிறது" என்று எழுதப்பட்ட செய்திகளில் அவசரமே மிகுதி. தளர்ந்த எரிமலைச் சாம்பல் மண்ணை நீர் அரித்துச் சென்றதன் விளைவு அது எனப் புவிச்சரிதவியலாளர் பலர் விளக்கினர்.

அஃபாரின் டனாக்கில் தாழ்நிலம் கடல்மட்டத்துக்கு 100 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. முன்பு கடல் உட்புகுந்து ஆவியாகிய இடமாதலால் அங்கே உப்பு தடித்துப் படிந்துள்ளது. அஃபார் மக்கள் அதைப் பாளமாக வெட்டி ஒட்டகங்களில் ஏற்றுகின்றனர். செங்கடலின் அடியிலும் இத்தகைய உப்புப் படிவுகள் உள்ளன. அக்கடலின் தென்பகுதியின் நடுவே கண்டப் புவியோடு முற்றாக அறுந்து, இடைவெளியைப் பாறைக்குழம்பு உறைந்து உண்டாகும் பசால்ட் பாறை நிரப்பிவருகிறது. சமுத்திரம் பிறந்ததென்று சொல்லத்தக்க கட்டம் இதுவே. புதிய தரை ஏறத்தாழ 7 கிலோமீற்றர் தடிப்பே கொண்டது. கண்டப் பாறையை விட அடர்த்தி மிக்கது. அது உருவாகும் இடமான கடலடி நடுமுகட்டிலிருந்து விலகிக் குளிரக்குளிர மேலும் ஆழத்துக்கு இறங்குவது. அது உறையும்போது, அவ்வப்போது தலைகீழாகும் புவிக் காந்தத்தின் அக்காலத்துத் திசையைப் பதித்துக்கொள்வதால், முகட்டின் இருபுறமும் ஒத்த காந்தப் பட்டைகள் உருவாகின்றன. இவற்றைப் புவிச்சரிதவியலாளரான வைன், மத்தியூஸ் ஆகிய இருவரும் 1963 இல் விளக்கிய பின்னரே கடற்றரை விரிவு என்னும் கருத்து உறுதிபெற்றது.

இனி நம் மலைகளுக்கு வருவோம். தேயிலைத் தோட்டப் பாதைகளை வெட்டிய இடங்களில் செந்நிறக் கார்னெட் மணிகள் பதிந்த பட்டைப் பாறைகளைப் பலர் கண்டிருக்கலாம். அவை ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கோண்டுவானா என்னும் தென் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், 20 முதல் 30 கிலோமீற்றர் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறியவை. அதே வகையும் அதே வயதும் கொண்ட பாறைகள் கேரளத்திலும், தென் மடகஸ்காரிலும், அந்தாட்டிக்காவின் லுட்சோ-ஹொல்ம் விரிகுடாவிலும் உள்ளன. எனவே மலைநாட்டின் பாறை பிளவினால் உண்டானதன்று. ஒட்டியிருந்த காலத்தின் எச்சம் அது. மலைநாடு உயர்ந்து நிற்பதற்கு என்ன காரணம் என்பது வேறு கேள்வி. உலக முடிவுச் செங்குத்தைக் காட்டிப் பிளவின் விளிம்பு இதுவே என்று எளிதாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் அதற்கு அரிப்பு, நிலமேற்றம் என வேறு விளக்கங்களும் முன்வைக்கப்பட்டுள்ளன.

நின்றுபோன பிளவின் தடயங்களை மேற்கே தேட வேண்டும். புத்தளத்தை அடுத்த தப்போவையிலும், அண்டிகமவிலும் இறங்கிய சிறு பள்ளங்களில் ஜுராசிக் காலத் தாவரப் புதைபடிவங்கள் கொண்ட படிவுகள் பாதுகாக்கப்பட்டுள்ளன. மன்னார் வளைகுடாவின் அடியில் இறங்கிய பெரும் பள்ளமான மன்னார் வடிநிலத்தில் படிவுகள் பல கிலோமீற்றர் தடிப்புடையவை. கிழக்கிலும் தெற்கிலும் அந்தாட்டிக்கா விலகத் தொடங்கி விரிவு முழுவதும் அப்பக்கம் சென்ற பின், மேற்குக் கை தன் இழுப்பை இழந்தது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. 19 ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காக நம் முன்னோர் கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காடுகளினூடே மாத்தளைக்கு நடந்தபோது, அவர்கள் கடந்த நீரின் குறுகலும் ஆழமின்மையும் இந்தப் பிளவு முற்றுப்பெறாததோடு தொடர்புடையவை.

இழுப்பு நின்றதும் இறக்கம் நின்றுவிடுவதில்லை. மெலிந்த கற்கோளத்தின் அடியில் ஏறிவந்த வெப்பம் மெல்ல வெளியேற, அது சுருங்கி அடர்ந்து மேலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் தாழ்கிறது. புவிப்பௌதிகவியலாளர் டான் மக்கென்சி 1978 இல் இதனைக் கணிதமாக வகுத்துக் காட்டினார். தாழ்ந்துகொண்டே இருந்த அந்தப் பள்ளத்தில் சேறும் உயிர்ப்பொருளும் அடுக்கடுக்காகச் சேர்ந்து, ஆழத்தில் வெந்தன. மன்னார்க் கடலடியில் 2011 இல் துளையிட்டபோது இயற்கை எரிவாயு கிடைத்தது.