இடக்கைக்காரருக்கு இயந்திரம் போட்ட மதிப்பெண்

நான் இடக்கைக்காரர். சேலத்தில் பொது அறுவை சிகிச்சை மேற்படிப்பில் சேர்ந்த முதல் வாரமே தியேட்டர் சிஸ்டர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். ஊசியைப் பூட்டி அவர் நீட்டும் நீடில் ஹோல்டர் வலக்கைக்கானது. நான் இடக்கையில் வாங்கியதும் ஊசி முனை எதிர்ப்பக்கம் பார்க்கும். பூட்டைத் திறப்பதும் அப்படித்தான்: வலக்கைக்காரர் கட்டைவிரலால் தள்ளித் திறக்கும் பூட்டை நான் இழுத்துத் திறக்க வேண்டும். பாடப்புத்தகம் இதற்கெல்லாம் இடம் ஒதுக்குவதில்லை. சிறு துளைகள் வழியே கேமராவைப் பார்த்து அறுவை செய்யும் லேப்ராஸ்கோபிப் பயிற்சியைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளோடு சேர்ந்து முடித்த அனுபவத்தை இடக்கைக்கார ஜூனியர் ஒருவர் கேட்டார். அவரைப் போன்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பயிற்சிக்கூடத்தில் இருப்பது ஒரு மூடிய பெட்டி. உள்ளே கேமரா, மேலே இரண்டு துளைகள், எதிரே திரை. துளை வழியே போகும் நீளக் கருவியின் பிடியை இடப்பக்கம் நகர்த்தினால் முனை வலப்பக்கம் போகும். இது கைக்குப் பழகவே நாளாகும். பயிற்சிகள் ஐந்து: முளைகளில் செருகிய ஆறு சிறு பொருள்களை இடம் மாற்றுவது, துணியில் அச்சடித்த வட்டத்தைக் கோடு பிசகாமல் வெட்டுவது, சுருக்குக் கண்ணி போடுவது, வெளியே முடிச்சிட்டு உள்ளே தள்ளுவது, உள்ளேயே முடிச்சிடுவது. முதல் இரண்டுக்கும் உச்ச வரம்பு தலா 300 விநாடி, கடைசி முடிச்சுக்கு 600. ஆனால் தேர்ச்சி என்று இலக்கு வைத்துப் பழகுபவர்கள் முளைப் பயிற்சியை 48 விநாடியிலும் உள்முடிச்சை 112 விநாடியிலும் முடிக்கப் பார்க்கிறார்கள். வீட்டில் பழக பிளாஸ்டிக் டப்பா, வெப்கேமரா, எல்இடி விளக்கு போதும். தோலோடு வாங்கிய கோழித் தொடையில் தையல் போடலாம். கடைக்காரர் காரணம் கேட்டால் சொல்லாதீர்கள், கேள்விகள் நிற்காது.

பயிற்சி வீடியோவைப் பதிவேற்றினால் மென்பொருள் இரு கருவிகளின் முனைகளையும் நொடிக்கு நொடி பின்தொடர்ந்து கோடு வரைகிறது. கருவி பயணித்த தூரம், அசைவின் சீர், எந்தக் கை எவ்வளவு நேரம் சும்மா இருந்தது, எத்தனை முறை பொருள் நழுவியது எல்லாம் எண்களாக வருகின்றன. என் முதல் அறிக்கையில் வலது கருவிக்குச் சிவப்புக் கோடு, இடது கருவிக்கு நீலக் கோடு. தலைப்பில் 'முதன்மைக் கை: வலது' என்று அச்சாகியிருந்தது. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. முளைப் பயிற்சியின் விதிப்படி பழக்கமில்லாத கையால் பொருளை எடுத்து, அந்தரத்திலேயே பழகிய கைக்கு மாற்ற வேண்டும். ஆகவே நான் வலப்பக்கத்திலிருந்து தொடங்கினேன். மென்பொருளோ வரிசை தவறு என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தது. பக்கத்தில் நின்று பார்த்த சீஃப், அதாவது எங்கள் பிரிவின் தலைமை மருத்துவர், குறையொன்றும் சொல்லவில்லை.

பிழை எங்கே என்று தேடினால், இந்தத் துறையில் ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் புழங்கும் ஜிக்ஸாஸ் என்ற தரவுத் தொகுப்பில் வந்து முட்டினேன். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2014இல் வெளியிட்டது. டாவின்சி என்ற அறுவை சிகிச்சை ரோபோவில் தையல், முடிச்சு, ஊசி கடத்தல் ஆகியவற்றைச் செய்த எட்டு அறுவை சிகிச்சை நிபுணர்களின் பதிவுகள் அதில் உள்ளன. எட்டுப் பேரும் வலக்கைக்காரர்கள். எங்கள் மென்பொருள் யாருடைய கைகளைப் பார்த்துக் கற்றதோ, அதன் பட்டியல் என்னிடம் இல்லை. நடந்துகொண்ட விதத்தில் மட்டும் குடும்பச் சாயல் தெரிந்தது.

தீர்வு சிரிப்பூட்டும் அளவுக்கு எளிது. வீடியோவைக் கண்ணாடி பிம்பம்போல இடவலமாகத் திருப்பிப் பதிவேற்றினேன். அதே பயிற்சி, அதே கை, மதிப்பெண் மட்டும் ஏறிவிட்டது. சின்ன வயதில் பீச்சாங்கையால் சாப்பிட்டதற்கு வாங்கிய அடிகளுக்கும் இப்படியொரு பொத்தான் இருந்திருக்கலாம்.

திருப்பிப் போட்ட பிறகுதான் அந்த எண்கள் உதவத் தொடங்கின. துணைக் கையின் கோடு ஒரே மூலையில் கறைபோலத் தேங்கிக் கிடந்தது. என் வலக்கை எதையாவது பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறது. கூட்டமான பயிற்சிக்கூடத்தில் இதை யாரும் கவனித்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் சாமணம் பிடிக்கும் கை, அடுத்த கை வருவதற்குள் சங்கிலியைத் திருப்பித் தயாராக வைக்கும். வலக்கைக்கு அந்தப் பழக்கம் வர, மாதக்கணக்கில் வட்டம் வெட்டினேன்.

பிறகு வேறொரு வம்பு. மதிப்பெண்ணைத் துரத்தத் துரத்த என் கை மெதுவானது. தூரம் குறைய வேண்டும், நழுவக் கூடாது என்ற நினைப்பில் ஒவ்வோர் அசைவுக்கும் முன்னால் ஒரு தயக்கம். மெக்கில் பல்கலைக்கழகத்தில் 70 மருத்துவ மாணவர்களை வைத்து நடந்த, 2022இல் வெளியான ஆய்வில், மூளைக்கட்டியை அகற்றும் போலிப் பயிற்சியில் செயற்கை நுண்ணறிவு ஆசானிடம் கற்றவர்கள், தொலைவிலிருந்து நிபுணர் கற்பித்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். அடுத்த ஆண்டு அதே குழு வெளியிட்ட மறு ஆய்வு, பாதுகாப்பு கூடினாலும் கையின் வேகமும் திசுவை அகற்றும் வேகமும் குறைந்ததைக் காட்டியது. முதல் ஆய்வைக் கொண்டாடும் கருத்தரங்குகளில் இரண்டாவதை யாரும் எடுப்பதில்லை என்பது என் புகார். எங்கள் சீஃப் சொன்ன வைத்தியம்: வாரத்தில் ஒருநாள் மென்பொருளை அணைத்துவிட்டுக் கடிகாரத்தை மட்டும் வைத்துப் பழகு.

தியேட்டரில் பித்தப்பை அறுவையில் நோயாளியின் இடப்பக்கம் நின்றால், வலக்கைக்காரருக்கு மேல்வயிற்றுத் துளை வலக்கையில் அமைந்துவிடும். நான் வலது விலாவுக்குக் கீழேயுள்ள துளை வழியே இடக்கையால் பிரித்து, மேல்வயிற்றுத் துளை வழியே வலக்கையால் பித்தப்பையை இழுத்துப் பிடிக்கிறேன். வெட்டுமுன் குழாயை இறுக்கி அடைக்கும் கிளிப்பை மட்டும் வலக்கையால் வைக்கப் பழகிக்கொண்டேன். வலக்கையைப் பழக்கிய மாதங்கள் இங்கேதான் செலவுக்கு வந்தன. எங்கள் மென்பொருள் பார்க்காத ஒன்றைத்தான் சீஃப் பார்க்கிறார். அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் ஸ்ட்ராஸ்பெர்க் 1995இல் எழுதிய மூன்று நிபந்தனைகள்: பித்தப்பைக் குழாய்க்கும் கல்லீரலுக்கும் இடையிலுள்ள முக்கோணப் பகுதியில் கொழுப்பும் நார்த்திசுவும் நீங்கியிருக்க வேண்டும், பித்தப்பையின் கீழ் மூன்றிலொரு பங்கு கல்லீரலிலிருந்து பிரிந்திருக்க வேண்டும், பித்தப்பைக்குள் போகும் குழாய்கள் இரண்டே இரண்டுதான் என்று தெரிய வேண்டும். பொதுப் பித்தநாளத்தைத் தவறிப்போய் வெட்டிவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. "எந்தக் கையால் வேண்டுமானாலும் வை. ஆனால் இரண்டு என்று வாயால் சொல்லாமல் கிளிப்பைக் கேட்காதே" என்றார் சீஃப். சொல்லிவிட்டுத்தான் கேட்கிறேன், சிஸ்டருக்கும் அது பழகிவிட்டது.

மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதினேன். புதிய பதிப்பில் கணக்குத் தொடங்கும்போதே எந்தக் கை என்று கேட்கிறது. ஒருமுறை தேர்ந்தெடுத்தால் மாற்ற வழியில்லை. எனவே இடது என்று தேர்ந்துவிட்டு, கிளிப் வைக்கும் பயிற்சிக்கு மட்டும் வலது என்று இன்னொரு கணக்குத் தொடங்கிக்கொள்ளுங்கள். வேறு மின்னஞ்சல் முகவரி தேவைப்படும்.