சானல் கரையும் ரப்பர் ஏற்றமும்: குமரி மலையடிவாரத்தில் ஒரு சைக்கிள் நாள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டுகிறேன் என்றால் வெளியூர் நண்பர்கள் கடற்கரைச் சாலையைத்தான் நினைக்கிறார்கள். முட்டம், மண்டைக்காடு, குளச்சல் பக்கம் நன்றாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பிடித்த சாலைகள் எல்லாம் மலையடிவாரத்தில், பூதப்பாண்டியில் தொடங்கி அருமனை வரைக்கும் கிடக்கின்றன. பெரிய மலைப்பாதை எதுவும் அங்கே இல்லை. கொல்லிமலை மாதிரி கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏற முடியாது. அரைக் கிலோமீட்டர் ஏற்றம், அதே அளவு இறக்கம், கீழே ஓர் ஓடை, பாலம் தாண்டியதும் மறுபடி ஏற்றம். நாள் முழுக்க இப்படியே போகும். பழகாதவர்களுக்கு மதியத்துக்குள் தொடை கட்டிக்கொள்ளும்.

பல வருடமாக இங்கே ஓட்டியதில் ஒன்று புரிந்தது: இந்த ஊர்ச் சாலையைப் படிக்க வேண்டுமென்றால் முதலில் தண்ணீரைப் படிக்க வேண்டும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைத் தண்ணீரை நாஞ்சில் நாட்டு வயலுக்குக் கொண்டுபோக வெட்டிய வாய்க்கால்களை இங்கே எல்லோரும் சானல் என்றுதான் சொல்வோம். அனந்தனார் சானல், தோவாளை சானல், புத்தனார் சானல். மலையைச் சுற்றிச் சுற்றி, சரிவே தெரியாத அளவுக்கு மெதுவாக இறங்கிப் போகும்படி வெட்டியிருக்கிறார்கள். அதனால் சானல் கரையோடு போகிற சாலை உங்களைத் தாலாட்டிக் கொண்டுபோகும். சானலைக் குறுக்கே தாண்டிப் போகிற சாலை மூச்சு வாங்க வைக்கும். வரைபடத்தில் நீலக்கோட்டைப் பார்த்தாலே போதும், எந்தக் கியர்ப் பல்லில் ஓட்டப் போகிறோம் என்று சொல்லிவிடலாம்.

பிப்ரவரி முதல் வாரத்தில் நானும் நண்பரும் போன வழியைச் சொல்கிறேன். விடியும் முன் நாகர்கோவில் வடசேரியிலிருந்து கிளம்பி, இறச்சகுளம் வழியாகப் பூதப்பாண்டி. பொதுவுடைமைத் தலைவர் ஜீவா 1907ல் பிறந்த ஊர். சாலைக்கு இரண்டு பக்கமும் கும்பப்பூ, அதாவது இரண்டாம் போக நெல், அறுவடைக்குத் தலைசாய்ந்து நின்றது. வலப்பக்கம் தாடகை மலை கறுப்பாக, அதன் மேல் வெளிச்சம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. திட்டுவிளை வரைக்கும் கால் சூடாவதற்கென்றே போட்ட மாதிரியான சமதளம்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் போகாமல் மேற்கே திரும்பியதற்குக் காரணம் உண்டு. கணவாய்க் காற்று பிப்ரவரியில் அவ்வளவு தொந்தரவு தராது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் போனவர்களுக்குத்தான் அது தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடுக்கு வழியாகக் கிழக்கே பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகளை நட்டதே அதனால்தான். நாகர்கோவிலிலிருந்து போகும்போது யாரோ முதுகைப் பிடித்துத் தள்ளுவார்கள், திரும்பும்போது அதே ஆள் நெஞ்சில் கை வைப்பார். காற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தச் சாலையில் பாறையும் எம்சாண்டும் ஏற்றிக்கொண்டு வரிசையாக ஓடும் டாரஸ் லாரிகளைப் பொறுக்க முடியவில்லை. ஓரம் என்று ஒன்றையே விடுவதில்லை. நம் மலையை வெட்டி ஏற்றிக்கொண்டு, நம்மையே சாலையை விட்டு இறக்கிவிட்டுப் போகிறார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, மேற்கே வருவோம். அருமநல்லூர் தாண்டி சுருளோடு நெருங்கும்போது வயல் முடிந்து ரப்பர் தொடங்குகிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்பது மாதிரி அவ்வளவு திடீரென்று மாறும். ஜனவரியில் இலை முழுவதும் உதிர்ந்து மொட்டையாக நின்ற மரங்கள் இப்போது செம்பு நிறத்தில் துளிர்த்திருந்தன. நிழல் இன்னும் அடர்த்தியாகவில்லை, பழைய சருகு சாலையோரம் கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. இறக்கத்தில் அந்தச் சருகின்மேல் பிரேக் பிடிக்காதீர்கள். அடியில் பனி ஈரம் இருக்கும், பின்சக்கரம் தனியாகப் போய்விடும்.

தோட்டத்துக்குள் மரத்தடி தோறும் தேனீப் பெட்டிகள். மார்த்தாண்டம் தேன் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியிருப்பதில் பெரும்பங்கு ரப்பர் தேன்தான். ரப்பர்ப் பூவிலிருந்து வருவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் புதுத் துளிர் வரும்போது இலைக்காம்பின் நுனியில் இனிப்பு நீர் சுரக்கிறது, தேனீக்கள் அதைத்தான் எடுக்கின்றன. அதனால் துளிர்க் காலம்தான் தேன் காலம். இந்த மாதங்களில் மெதுவாக ஏறினால் தலைக்கு மேலே ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வாயை மூடிக்கொண்டு ஏறப் பழகுங்கள். இரண்டாவதுதான் கஷ்டம்.

பொன்மனையில் சாயாக்கடை. கடைக்காரப் பெரியவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எங்க இருந்து வாறிய மக்களே?"

"நாகர்கோவில்ல இருந்து, அண்ணாச்சி."

"சவுட்டியேவா? அணைக்கா போறிய? அப்பம் ரெண்டு பழம் கூடத் தின்னுங்க, மேல ஏத்தம் கெடக்கு."

அவர் நீட்டியது மட்டிப் பழம். 2023ல் புவிசார் குறியீடு கிடைத்த பழம் இது, எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு முதலில் மசித்து ஊட்டுவதும் இதைத்தான். விரல் நீளம்தான், மணம் கடை முழுக்க நிற்கும். சைக்கிள் சட்டையின் முதுகுப் பையில் நாலைந்து வைத்தாலும் கனக்காது. காசு கொடுத்து வாங்குகிற எந்த எனர்ஜி ஜெல்லையும்விட எனக்கு இது ஒத்துக்கொள்கிறது.

பொன்மனை, திருநந்திக்கரை, திற்பரப்பு மூன்றும் சிவாலய ஓட்டத்துக் கோயில்கள். மகா சிவராத்திரியை ஒட்டி, முன்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோயில்களை "கோவிந்தா கோபாலா" என்று கூவிக்கொண்டே, கையில் விசிறியோடு, இரவு பகலாக ஓடித் தரிசிப்பது இங்குள்ள வழக்கம். நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். இதே ஏற்ற இறக்கங்களில்தான் அந்த ஓட்டமும். இப்போது பைக்கிலும் சைக்கிளிலும் போகிறவர்கள் உண்டு. கியர் வண்டியில் மூச்சு வாங்கும்போதெல்லாம் வெறுங்காலோடு இதை ஓடிக் கடந்தவர்களை நினைத்துக்கொள்வேன், அவர்கள்மேல் அவ்வளவு மரியாதை வரும். திருநந்திக்கரையில் குடைவரைக் கோயில் ஒன்று இருக்கிறது. சுவரில் பழைய ஓவியத்தின் கோடுகள் அங்கங்கே மிஞ்சியிருக்கின்றன. பத்து நிமிடம் உள்ளே நின்றால் உடம்புச் சூடு இறங்கிவிடும்.

அங்கிருந்து பேச்சிப்பாறை வரைதான் நாளின் கடினமான பகுதி. குட்டைக் குட்டை ஏற்றங்கள், ஆனால் சில செங்குத்து. என் வண்டியில் முன்னால் 34 பல், பின்னால் 32 பல் இருக்கிறது. இந்த அடிவாரத்துக்கு அது தாராளம். அதைவிடக் குறைந்த பல் உள்ள பின் பல்சக்கரத்தோடு வந்தால் முட்டிதான் விலை கொடுக்கும். டயர் 28 மில்லிமீட்டர் போடுங்கள், காற்றைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். தோட்டச் சாலைகளில் மரவேர் தாரைத் தூக்கி விட்டிருக்கும், 25 டயரில் கை மரத்துப்போகும். ஏற்றத்தின் உச்சியில் வேகத்தைக் குவிக்காமல், கீழே ஓடைப் பாலம் தெரியும் முன்னரே அடுத்த ஏற்றத்துக்குப் பல்லை மாற்றிவிட வேண்டும். பாலத்தில் பெரும்பாலும் ஒரு திருப்பம் ஒளிந்திருக்கும், எதிரே பஸ் வரும்.

பேச்சிப்பாறை அணை 1897ல் தொடங்கி 1906ல் கட்டி முடிக்கப்பட்டது, திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜா காலத்தில். கட்டிய பொறியாளர் மிஞ்சின். ஊர்க்காரர்கள் அவரை மூக்கன் துரை என்றுதான் சொல்வார்கள். அவர் கல்லறையும் அணைப் பக்கத்தில்தான் இருக்கிறது. கோதையாறு மலையிலிருந்து இறங்கிவருகிற தண்ணீரை இங்கே நிறுத்தி, தோவாளை வரை வயலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். காலையில் நாங்கள் பார்த்த கும்பப்பூ நெல் குடித்தது இந்தத் தண்ணீரைத்தான். எத்தனை குன்று இடையில் என்பது தொடைக்குத் தெரிந்திருந்ததால், அணைக்கரையில் நின்று அதை நினைத்தபோது எனக்குச் சிலிர்த்தது. பேச்சிப்பாறையின் முழுக்கொள்ளளவு 48 அடி. நாகர்கோவில் பதிப்பு நாளிதழ்களில் தினமும் நீர்மட்டம் வரும். மழைக்காலத்தில் கிளம்பும் முன் அதைப் பாருங்கள். மறுகால் திறந்தால் திற்பரப்பில் குளிக்க விடமாட்டார்கள்.

எங்களுக்குத் திற்பரப்பில் அளவான தண்ணீர் விழுந்தது. குளித்தோம், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

குலசேகரம் திரும்பித் திருவட்டாறு வழியாக மாத்தூர் போனோம். தொட்டிப்பாலம் 1966ல் கட்டியது. 28 தூண்கள், உயரம் 115 அடி. இரண்டு குன்றுகளுக்கு நடுவே பறளியாற்றுப் பள்ளம். பட்டணங்கால் என்ற வாய்க்காலின் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் இறங்கவே இல்லை, தொட்டிக்குள் நேராக அடுத்த குன்றுக்குப் போய்விடுகிறது. சைக்கிளைப் பூட்டிவிட்டு மேலே நடந்தோம். காலையிலிருந்து நாங்கள் இறங்கி ஏறிய அத்தனை பள்ளத்தையும் பக்கத்தில் தண்ணீர் ஒரே மட்டத்தில், அவசரமில்லாமல் கடந்துகொண்டிருந்தது. நண்பர் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுதான் சரியான ரூட்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இதைப் பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரி முடிவதற்குள் வாருங்கள். கும்பப்பூ முடிந்ததும் அணையை அடைத்துவிடுவார்கள், ஜூனில் கன்னிப்பூ என்ற முதல் போகத்துக்குத்தான் மறுபடி திறப்பார்கள். ஜூனில் மழை வந்துவிடும், ரப்பர் நிழலில் சாலையெல்லாம் பாசி பிடிக்கும், மெல்லிய டயருக்கு அது ஆகாது. திரும்பும் வழியில் வேர்க்கிளம்பி, தக்கலை வரை சாலை அமைதியாக இருக்கும். அதன் பின் நாகர்கோவில் வரை நெடுஞ்சாலைதான், பின்னால் சிவப்பு விளக்கைப் பகலிலேயே எரியவிட்டு, பள்ளிக்கூட வண்டிகள் கிளம்பும் முன் அந்தத் துண்டைத் தாண்டிவிடுங்கள்.