நாருகோ பாலம்: நாட்குறிப்பு

அக்டோபர் 27, ஈசூன், சிங்கப்பூர்

தீபாவளி முடிந்த கையோடு ஜப்பான். இலை சிவப்பது அங்கே வடக்கிலும் மலைகளிலும் முதலில் தொடங்கும். கியோட்டோவுக்கு இறங்கி வர நவம்பர் பிற்பகுதி ஆகிவிடும். மியாகி மாநிலத்து நாருகோ பள்ளத்தாக்கில் அக்டோபர் கடைசியும் நவம்பர் தொடக்கமும்தான் உச்சம். அம்மா முறுக்கு டின்னைப் பெட்டியில் வைத்தாயிற்று. அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "பாலம் இரும்பாம்மா, கான்கிரீட்டா?" செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர், வேறென்ன கேட்பார்!

நவம்பர் 3, ஃபுருகாவா

தோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயில், சென்டாய் தாண்டி இங்கே. நல்ல குளிர். அம்மா இரண்டு சால்வையோடு தூங்கிவிட்டார்.

நவம்பர் 4, நாருகோ

ஃபுருகாவாவில் சின்ன ரயிலுக்கு மாறி, அறுத்த வயல்களுக்கு நடுவே போய், நாருகோ ஓன்சென் நிலையத்தில் பஸ் பிடித்தோம். நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே வெந்நீர் ஊற்றின் கந்தக வாடை.

பார்வை மேடையிலிருந்துதான் ஓஃபுகாசாவா பாலம் முழுசாகத் தெரிகிறது. சுமார் 100 மீட்டர் ஆழப் பள்ளம். ஒரு சரிவிலிருந்து மறு சரிவுக்கு ஒரே இரும்பு வளைவு. அதைச் சுற்றி மஞ்சள், செம்மஞ்சள், ரத்தச் சிவப்பு, இடையிடையே பைன் மரப் பச்சை. இலையில் பச்சையம் சிதைந்ததும் ஏற்கெனவே உள்ளே இருந்த மஞ்சள் வெளியே வருகிறது; சிவப்போ அந்த நேரத்தில் இலை புதிதாக உண்டாக்குவது. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் இருந்தால் அது இன்னும் அடர்கிறது. நம்மூர் கேத்தப்பாங் (நாட்டு வாதுமை) மரமும் உதிருமுன் சிவக்கும்தான். ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக. இங்கே மலையே சிவந்து நிற்கிறது.

எல்லாரும் இலையைப் படமெடுக்க, அப்பா வளைவையே பார்த்துக்கொண்டு நின்றார். "நடுவில தூணே இல்ல பாரு. பாரத்தையெல்லாம் ரெண்டு பக்கப் பாறை மேல தள்ளிடுது. இந்தப் பள்ளத்துக்கு மேல நின்னு இரும்பைப் பொருத்தினவன் கையைக் கும்பிடணும்." அப்பாவின் குரல் தழுதழுத்தது. பட்டறை வேலையைப் பற்றி அவர் வீட்டில் அதிகம் பேசியதில்லை.

பிறகு பாலத்தின் மேலேயே நடந்தோம். அது நெடுஞ்சாலை, பக்கத்தில் லாரி போனால் காலடியில் அதிர்வு தெரிகிறது. கீழே எதிர்ச்சரிவில் ஒரு ரயில் சுரங்க வாய். கைப்பிடி ஓரம் கூட்டம் கூடி, கேமராக்கள் உயர்ந்தன. ரயில் தலைகாட்டியது, சிவந்த மரங்களுக்கிடையே சில நொடி, மறைந்துவிட்டது. அம்மா கைதட்டினார், பக்கத்தில் நின்ற ஜப்பானியப் பாட்டியும் சேர்ந்து தட்டினார்.

கீழே ஊருக்குள் வந்து செஸ்ட்நட் உருண்டை சாப்பிட்டோம். கொழுக்கட்டை மாதிரி மெத்தென்ற மாவு, உள்ளே முழு செஸ்ட்நட், மேலே இனிப்பான சோயாக் குழம்பு. கொக்கேஷி மரப்பொம்மை ஒன்றும் வாங்கினோம். நாருகோ பொம்மையின் தலையைத் திருகினால் 'கீச்' என்று கத்தும்.

நவம்பர் 10, ஈசூன்

சித்தி அடுத்த ஆண்டு போகிறாராம். மேடையில் படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள் என்று அழுத்திச் சொன்னேன். ரயில் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதற்கு முன்னால் பாலத்தின் மேல் போய் நிற்க வேண்டும். அப்பா இன்னொன்று சேர்த்தார்: "வளைவு ரெண்டு பக்கமும் பாறையில எப்படி உட்கார்ந்திருக்குன்னு பார்த்துட்டு வா, கமலா."