பயிற்சிக்கு ஒன்று, மார்க்குக்கு ஒன்று

முதலாமாண்டு மின்சுற்றுப் பாடத்தை ஆன்லைனுக்குக் கொண்டுபோகும் வேலை என் தலையில் விழுந்தபோது, வீடியோ எடுப்பதுதான் பெரும்பாடு என்று நினைத்தேன். அது பத்து நாளில் முடிந்துவிட்டது. செமஸ்டர் முழுக்க உயிரை வாங்கியது க்விஸ்தான்.

நாங்கள் பயன்படுத்தியது மூடுல் (Moodle), ஆன்லைனில் பாடமும் தேர்வும் நடத்த உதவும் மென்பொருள். நாற்பது கேள்வி எழுதி வினா வங்கியில் போட்டேன். பயிற்சித் தேர்வும் அதிலிருந்துதான், இன்டர்னல் மார்க்குக்கான தேர்வும் அதிலிருந்துதான். மார்க் தேர்வு சனி காலையிலிருந்து ஞாயிறு இரவு வரை திறந்திருக்கும். பிள்ளைகள் உடனே தெரிந்துகொள்ளட்டுமே என்று, எழுதி முடித்தவுடன் விடை தெரியும்படி வைத்திருந்தேன். சனி மதியத்துக்குள் ஸ்கிரீன்ஷாட் வாட்ஸாப்பில் சுற்றத் தொடங்கிவிட்டது. ஞாயிறு எழுதியவர்களில் பெரும்பாலானோர் இருபதுக்கு இருபது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, கதவைத் திறந்து வைத்தவன் நான்.

அப்புறம்தான் இரண்டையும் பிரித்தேன். முதலில் பயிற்சிக் கேள்விகள். 6 ஓம், 3 ஓம் மின்தடைகள் பக்க இணைப்பில் இருக்கின்றன, தொகுபயன் மின்தடை என்ன? விடை 2. மற்ற மூன்று விடைகளாக 5, 8, 10 என்று வாய்க்கு வந்ததைப் போட்டிருந்தேன். பழைய விடைத்தாள் கட்டு ஒன்றைப் பிரித்து, பையன்கள் உண்மையில் எங்கே சறுக்குகிறார்கள் என்று பார்த்தேன். 9 என்று எழுதியவர்கள் சும்மா கூட்டியிருந்தார்கள். 4.5 சராசரி எடுத்தவர்களுடையது. 0.5 எழுதியவர்கள்தான் என்னை யோசிக்க வைத்தார்கள். ஆறில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் ஒழுங்காகக் கூட்டி அரை என்று கண்டுபிடித்துவிட்டு, அதைத் தலைகீழாக்க மறந்திருந்தார்கள். பாடம் தெரியும், கடைசி வரியில் அவசரம். இவர்களுக்கும் 9 போட்டவர்களுக்கும் ஒரே 'தவறு' என்று சொல்லி அனுப்பினால் எப்படி?

அந்த மூன்று எண்களையே தவறான விடைகளாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் குறிப்பு எழுதினேன். 0.5-க்கு, "கூட்டல் சரி. இது மின்தடையின் தலைகீழ் மதிப்பு, இன்னும் ஒரு படி பாக்கி." 9-க்கு, "இரண்டு பாதை இருந்தால் மின்னோட்டம் போவது சுலபமா, கஷ்டமா?" மூன்று முறை முயலலாம். தவறும் முயற்சிக்கெல்லாம் மூன்றில் ஒரு பங்கு மார்க்கைக் கழிக்கும்படிதான் மூடுல் வரும். பயிற்சிக்கு எதற்குத் தண்டனை என்று அதைப் பூஜ்யமாக்கினேன்.

மார்க் தேர்வில் குறிப்பு கிடையாது. கேள்வி ஒன்றுதான், எண்கள் ஆளுக்கு ஆள் மாறும். தேர்வு மூடிய பிறகே விடை தெரியும். இதிலும் சொதப்பினேன். ஒருவனுக்கு 10 ஓமும் 5 ஓமும் வந்திருந்தது. விடை 3.333... என்று முடியாமல் போகும். 3.33 என்று போட்டவனுக்குப் பூஜ்யம், ஏனென்றால் பிழை வரம்பை அவ்வளவு இறுக்கமாக வைத்திருந்தேன். ஒரு சதவீதமாகத் தளர்த்தி எல்லோருக்கும் மறுபடி மதிப்பிட்டேன்.

தேர்வு முடிந்ததும் புள்ளிவிவரப் பக்கத்தைப் பார்ப்பது பிறகு பழக்கமாகிவிட்டது. ஒரு கேள்விக்குப் பாகுபாட்டு எண் மைனஸில் நின்றது. அதாவது, நன்றாகப் படிக்கிறவர்கள் கோட்டைவிட்டிருக்கிறார்கள், மற்றவர்கள் சரியாகப் போட்டிருக்கிறார்கள். எடுத்துப் பார்த்தால் தப்பு என்னுடையது. "மின்கலத்தின் மின்னழுத்தம்" என்று பொதுவாகக் கேட்டிருந்தேன். நான் நினைத்தது மின்னியக்கு விசை, அதாவது மின்னோட்டம் ஓடாதபோது மின்கலத்துக்கு இருக்கும் முழு அழுத்தம். அவர்கள் மின்கலத்துக்குள்ளேயே இருக்கும் அக மின்தடையில் இழக்கும் அழுத்தத்தைக் கழித்து முனைகளுக்கிடையே உள்ள அழுத்தத்தைக் கணக்கிட்டிருந்தார்கள். இரண்டுக்கும் மார்க் கொடுத்தேன்.

சரி, மார்க் இல்லாத பயிற்சியை யார் செய்வார்கள்? யாரும் செய்யவில்லை. பயிற்சியில் 60 சதவீதம் எடுத்தால்தான் மார்க் தேர்வு திறக்கும் என்று பூட்டுப் போட்டேன். சிலர் கண்ணை மூடிக்கொண்டு க்ளிக் செய்தே 60-ஐத் தொட்டார்கள். இப்போது நான்கு விடைகளையும் எடுத்துவிட்டு, எண்ணைத் தட்டச்சு செய்யச் சொல்கிறேன். தவறான எண்ணுக்கும் தனிக் குறிப்பு வைக்க மூடுல் விடுகிறது. 9 தட்டுகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள். 0.5 மட்டும் ஒவ்வொரு பேட்ச்சிலும் தவறாமல் வருகிறது.